உறங்கும் கிழங்குகள்



மே மாதம் பிறந்துவிட்டால் நம் பங்குகளில் பூவுக்கு நெருக்கடி ஏற்படுவது வழக்கம். அது மாதா வணக்க மாதம். புதுநன்மை வாங்கும் பிள்ளைகளின் மாதம். திருமண ஓலைகள் வாசிக்கப்பெறும் மாதமும் அதுவே. பீடத்துக்கும் பூ வேண்டும், கெபிக்கும் பூ வேண்டும், மணமக்கள் கழுத்துக்கும் பூ வேண்டும். கத்திரி வெயிலோ கொல்லையில் நிற்கும் செடிகளை வாட்டி வதைக்கிறது. "இந்த வெயிலில் எந்தப் பூ சாமி பூக்கும்?" என்று தாய்மார் பலர் நம்மைக் கேட்பதுண்டு. பூக்கும். உணவையும் ஈரத்தையும் மண்ணுக்கடியில் சேர்த்து வைத்திருக்கும் செடிகள் சித்திரை வெயிலிலும் பூக்கும். கிழங்கிலிருந்து முளைக்கும் அந்த வேனில் மலர்களைப் பற்றியே இம்மாதம் எழுத எண்ணினோம்.

ஆயினும், பிறருக்குக் கற்பிக்குமுன் தன் குற்றத்தைத் தானே அறிக்கையிடுவது முறை. இத்துறையில் நாம் ஒரு பெருந்தவறு செய்தோம். அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நாம் இப்பங்கிற்கு மாற்றலாகி வந்தது ஒரு ஜூன் மாதம். கோயிலின் வடபுறத்தில் லூர்து மாதா கெபி உண்டு. அதன் ஓரத்தில், வேப்பமரத்து நிழலில், அகன்ற இலைகளையுடைய செடிகள் சில அடர்ந்து நின்றன. பூ ஒன்றும் இல்லை. நாமும் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. மார்கழியில் இலைகள் மஞ்சளித்துச் சாய்ந்தன. தை பிறந்தபோது வெற்று மண்ணே எஞ்சியது. பிப்ரவரி 11-ஆம் நாள் கெபித் திருவிழா. மக்கள் கூடும் இடத்தில் அந்த வெற்று மண் நம் கண்ணை உறுத்தியது. ஆள் வைத்துக் கொத்தி, மட்டப்படுத்தி, சரளை பரப்பச் செய்தோம். கொத்தும்போது வெங்காயம் போன்ற கிழங்குகள் கூடை நிறைய வந்தன. "இது என்ன சாமி?" என்று கேட்ட ஆளிடம், "காட்டு வெங்காயமாயிருக்கும், குப்பைக் குழியில் போடப்பா" என்றோம். கோயில்பிள்ளை அன்று ஊரில் இல்லை. இருந்திருந்தாலும் நாம் அவரைக் கேட்டிருப்போமா என்பது ஐயமே.

மே மாதம் முதல் கோடைமழை பெய்த மறுநாள் காலை, திருப்பலி முடிந்ததும், பங்கிலுள்ள மூதாட்டி ஒருவர் கையில் சொம்போடு கெபியருகே வந்தார். மாதாவை வணங்கினார். பின்பு சரளை பரப்பிய ஓரத்தைப் பார்த்தவாறு நெடுநேரம் நின்றார். நாம் அருகில் சென்றோம்.

"இங்க இருந்த பூ எங்கே சாமி?"

"எந்தப் பூ பாட்டி? இங்கே பூ இருந்ததாகத் தெரியவில்லையே."

"மே மாசத்துப் பூ சாமி. செவப்பா, பந்து மாதிரி பூக்குமே. இந்நேரம் தண்டு கெளம்பியிருக்கணும்."

நடந்ததை நாம் சொன்னோம். அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "சாமிக்குத் தெரியாதுதானே. அது தூங்குற நேரம்" என்று மட்டும் சொன்னார். சொம்பிலிருந்த நீரை வேப்பமரத்தடியில் ஊற்றிவிட்டுச் சென்றார்.

மீதியைக் கோயில்பிள்ளை சொன்னார். அந்த அம்மாள் மணமாகி இவ்வூருக்கு வந்தபோது, பிறந்த வீட்டுக் கொல்லையிலிருந்து மூன்று கிழங்குகளை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாராம். முப்பது ஆண்டுகள் தம் வீட்டு முற்றத்தில் வளர்த்தார். கணவரின் வைத்தியச் செலவுக்காக வீட்டை விற்று, மண் தரையே இல்லாத வாடகை வீட்டுக்குக் குடிபோனபோது, அப்போதைய பங்குச் சாமியாரிடம் உத்தரவு பெற்று அவற்றைக் கெபியோரத்தில் நட்டார். பிறந்த வீட்டார் ஒருவரும் இன்று உயிரோடில்லை. அங்கிருந்து அவரிடம் எஞ்சியிருந்தது அந்தப் பூ ஒன்றே.

அன்றிரவு உணவு நமக்கு இறங்கவில்லை. கைவிளக்கை எடுத்துக்கொண்டு கோயில்பிள்ளையோடு குப்பைக் குழிக்குச் சென்றோம். குழியிலிருந்த உரத்தை மார்ச் மாதமே வண்டியேற்றி வயலுக்கு அனுப்பியாகிவிட்டது. மேற்கு ஓரத்தில் மட்டும் பழைய சருகு கொஞ்சம் கிடந்தது. அதைத் துளைத்துக்கொண்டு வெளிறிய முளை ஒன்று நீட்டியிருந்தது. கையால் தோண்டினோம். ஆறு கிழங்குகள் கிடைத்தன. இரண்டு அழுகிவிட்டன, நான்கு கெட்டியாயிருந்தன.

அந்த நான்கையும் பிழைக்க வைக்க வேண்டி நாம் படித்ததும், தோட்டக்காரர்களைக் கேட்டதும், கண்ணால் கண்டதுமே கீழே எழுதுவன.

வெங்காயம் கற்பிக்கும் பாடம்

அடுப்பங்கரையிலிருந்து வெங்காயம் ஒன்றை எடுத்து, மேலிருந்து கீழாக இரண்டாகப் பிளந்து பாருங்கள். அடியில் கெட்டியான தட்டு ஒன்று இருக்கும். வேர்கள் அதிலிருந்தே கிளம்புகின்றன. தட்டின்மேல் அடுக்கடுக்காகச் சதைப்பற்றான இலையடிகள். அவற்றின் நடுவே இளங்குருத்து. செடி சமைத்த உணவு அந்த அடுக்குகளில் சேமிக்கப்படுகிறது. லில்லி வகைக் கிழங்கின் அமைப்பும் இதுவே. வறட்சி வரும்போது இலையை உதறிவிட்டு, உணவையும் குருத்தையும் உள்ளே காத்துக்கொண்டு, செடி மண்ணுக்கடியில் ஒடுங்குகிறது. அது சாவு அன்று, உறக்கம்.

பூத்து முடிந்ததும் கிழங்கின் சேமிப்பு பெரும்பாலும் தீர்ந்துவிடும். பூவுக்குப் பின்னர் வரும் இலைகளே வெயிலைக் கொண்டு உணவு சமைத்து மீண்டும் கிழங்கை நிரப்புகின்றன. மறுபருவத்துக்கான மொட்டும் கிழங்கின் உள்ளே அக்காலத்திலேயே உருவாகிறது. நம் வீடுகளில் வெறுமனே 'லில்லி' என்று வழங்கும், ஊதுகுழல் வடிவச் சிவப்புப் பூவை எடுத்துக்கொள்ளுங்கள். ஹிப்பியாஸ்ட்ரம் என்பது அதன் தாவரப் பெயர். அந்தக் கிழங்கு ஏறத்தாழ நான்கு இலை விட்டால்தான் உள்ளே ஒரு பூமொட்டு உருவாகும். இலையை வளரவிடாமல் கத்தரிக்கும் வீட்டில் அது ஏன் பூப்பதில்லை என்பது இப்போது விளங்கும்.

ஆகவே முதல் விதி இது: பூ வாடியதும் பூத்தண்டை மட்டும் அடியில் நறுக்குங்கள், இலையைத் தொடாதீர்கள். அழகில்லை என்று பச்சை இலையை வெட்டுவதும், சுருட்டி முடிவதும் கூடாது. இலை தானாக மஞ்சளித்துச் சாய்ந்த பின்னரே அகற்ற வேண்டும். பச்சை இலையை வெட்டுகிறவர் அடுத்த ஆண்டின் பூவை வெட்டுகிறார்.

இரண்டாம் விதி: உறங்கும் கிழங்குக்கு நீர் வார்க்காதீர்கள். இலையில்லாத கிழங்கு நீரைச் செலவிட வழியின்றி அழுகிப்போகும். செடி வாடுகிறதே என்று இரக்கப்பட்டு ஊற்றும் தண்ணீரே பல கிழங்குகளைக் கொன்றிருக்கிறது.

நம் வெயிலுக்கு ஏற்றவை

மே மாதப் பூ: அந்த மூதாட்டியின் செடி இதுவே. மே ஃபிளவர் என்றால் செந்நிறமாகப் பூத்துக் குலுங்கும் பெரிய மரத்தைச் சிலர் நினைப்பர். நாம் சொல்வது ஃபுட்பால் லில்லி என்றும் வழங்கும் கிழங்குச் செடி. தாயகம் ஆப்பிரிக்கா. முதல் கோடைமழையின் ஈரம் பட்டதும் தண்டு கிளம்பி, நூற்றுக்கும் மேற்பட்ட சிறு பூக்கள் ஒன்றாகத் திரண்டு சிவந்த பந்தாக விரியும். பூவோடோ பூவுக்குப் பின்னரோ இலை வரும். மர நிழலிலும் வளரும். ஒரு கிழங்குக்கு ஆண்டில் ஒரு பூவே. இடம் மாற்றினால் ஓரிரு ஆண்டுகள் பூக்காமல் பிணங்குவதுண்டு.

மழை லில்லி: புல்லைப் போன்ற இலை, சுண்டைக்காயை விடச் சற்றுப் பெரிய கிழங்கு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. மழை பெய்த மூன்று நான்கு நாட்களில் இளஞ்சிவப்பாகவும் வெள்ளையாகவும் பாத்தி முழுவதும் பூத்துவிடும். பாத்தியின் விளிம்பில் நெருக்கமாக நடுவதற்கு ஏற்றது. குழந்தைகள் கையால் முதன்முதல் நடவேண்டிய கிழங்கு இதுவே என்போம். ஏனெனில் இது ஏமாற்றுவது அரிது.

நிலச்சம்பங்கி: செண்பக மரத்தையும், கொடிச் சம்பங்கியையும் சிலர் சம்பங்கி என்பதால் நிலச்சம்பங்கி என்று பிரித்துச் சொல்கிறோம். இதன் தாயகம் மெக்சிகோ. அந்நாட்டுப் பழங்குடி மக்கள், பூவின் வெண்மையைக் கண்டு, தங்கள் மொழியில் 'எலும்புப் பூ' என்று பெயரிட்டனர். ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்று, பின்னர் நம் நாட்டுக்கும் வந்தது. இன்று தோவாளை, நிலக்கோட்டை, சத்தியமங்கலம் பூச்சந்தைகளில் இது குவியும் அளவைக் காண்போர், இதை அயல்நாட்டுப் பூ என்று நம்பமாட்டார். ஒற்றை அடுக்குப் பூவில் மணம் மிகுதி. மாலை கட்ட அதுவே சிறந்தது. இரட்டை அடுக்குப் பூவைத் தண்டோடு நறுக்கிப் பீடத்துச் சாடியில் வைக்கலாம். பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பிரஜ்வல், சிருங்கார் ஆகியவை ஒற்றை வகை; சுவாசினி, வைபவ் ஆகியவை இரட்டை வகை.

ஜூன், ஜூலை மாதங்கள் நடவுக்கு ஏற்றவை. ஒவ்வொன்றும் 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்குகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். தோண்டிய உடனே நடாமல் ஒரு மாதம் நிழலில் உலர விடுங்கள். வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 20 சென்டிமீட்டர் இடைவெளி, ஆழம் 2.5 சென்டிமீட்டர் போதும். மூன்று நான்கு மாதங்களில் பூக்கத் தொடங்கும். மற்றக் கிழங்குகளைப் போல இது முழு உறக்கம் கொள்வதில்லை. நீர் குறையாமல் பார்த்துக்கொண்டால் கோடையிலும் தண்டு விடும்.

நிலச்சம்பங்கியைப் பற்றி ஒரு செய்தியை நாம் அறிந்தபோது சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்தோம். ஒரு கிழங்கு ஒருமுறையே பூக்கும். பூத்த தாய்க்கிழங்கு பின்பு தேய்ந்துபோக, அதைச் சுற்றிக் கிளைத்த குட்டிகளே அடுத்துப் பூக்கின்றன. மூன்றாண்டு பூத்த பாத்தி என்பது உண்மையில் பல தலைமுறைகளின் பாத்தி. அதனால்தான் மூன்றாண்டுக்குப் பின் குட்டிகள் நெருங்கிப் பூ சிறுக்கிறது; தோண்டிப் பிரித்துப் புதிய மண்ணில் நட வேண்டியதாகிறது.

கல்வாழை: இதனுடையது வெங்காயம் போன்ற கிழங்கன்று, இஞ்சியைப் போல மண்ணுக்குள் படரும் தண்டு. வெயிலும் நீரும் இருந்தால் ஆண்டு முழுவதும் பூக்கும். கிணற்றடியில் வழியும் நீரே இதற்குப் போதும். பூத்து ஓய்ந்த தண்டைத் தரையோடு நறுக்கினால் பக்கத்தில் புதுத்தண்டு கிளம்பும். இதன் விதை ஈயக்குண்டு போல உருண்டு கறுத்து, மிகக் கடினமாயிருக்கும். அவ்விதைகளைக் கோத்துச் செபமாலை செய்யும் வழக்கம் பிறநாடுகளில் இருந்தது.

செங்காந்தள்: நம் மாநில மலரான இதைச் சொல்லாமல் விட மனமில்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொகுத்த மலர் வரிசையில் முதலில் நிற்பது காந்தளே. மற்றவை பூக்கும் கோடையில் இது உறங்கும். ஆனி, ஆடியில் முளைத்து, மழைக்காலத்தில் பூக்கும். கார்த்திகைப் பூ என்ற பெயர் அதனாலேயே. ஆகவே இப்போது அதன் இடத்தைக் கொத்தாதீர்கள்.

இங்கே தாய்மாருக்கு ஓர் எச்சரிக்கை. செங்காந்தள் கிழங்கு கொடிய நஞ்சு. அதிலுள்ள கோல்ச்சிசின் என்னும் பொருள் மருத்துவர் கையில் மருந்து. குழந்தையின் வாயில் உயிர்க்கேடு. உண்ணும் கிழங்கென்று மயங்கித் தின்று இறந்தோரும் உண்டு. மே மாதப் பூ, சிவப்பு லில்லி ஆகியவற்றின் கிழங்குகளும் நச்சுத்தன்மை உடையவையே. தோண்டி எடுத்த எந்தக் கிழங்கையும் அடுப்பங்கரையில் வெங்காயக் கூடையருகே வைக்காதீர்கள். உறையில் பெயரெழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளிடம் டூலிப் கிழங்கு அனுப்பச் சொல்லும் பெற்றோர் சிலர் உண்டு. வேண்டாம். டூலிப் பூக்க வேண்டுமானால் கிழங்கு மூன்று மாதத்துக்கு மேல் கடுங்குளிரில் கிடக்க வேண்டும். ஸ்ரீநகரில் தால் ஏரியருகே பூப்பது நம் சமவெளியில் பூக்காது. உரிய அனுமதியின்றிக் கிழங்குகளை நாட்டுக்குள் கொண்டுவருவதைச் சட்டமும் தடுக்கிறது. உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்து அட்டைகளில் நாம் காணும் வெண்ணிற லில்லிக்கும் குளிர்ச்சி தேவை. டேலியா, கிளாடியோலஸ் முதலியன உதகையிலும் கொடைக்கானலிலும் செழிப்பதைப் போல நம் வெயிலில் செழிப்பதில்லை. நம் பீடத்துக்கு நம் நிலச்சம்பங்கியே அழகு.

நடுவதும் காப்பதும்

கிழங்குக்கு முதல் தேவை நீர் தேங்காத மண். ஒரு குடம் நீரை ஊற்றிப் பாருங்கள். அரைமணி நேரத்துக்குப் பின்னும் நீர் நின்றால் அங்கே நடாதீர்கள். அல்லது பாத்தியை ஒரு சாண் உயர்த்திக்கொள்ளுங்கள். தொட்டியாயின் செம்மண் இரு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய சாணம் ஒரு பங்கு. பச்சைச் சாணம் கிழங்கில் படவே கூடாது, வெந்து அழுகிவிடும்.

மே மாதப் பூவும் சிவப்பு லில்லியும் கழுத்து வெளியே தெரியும்படி நடப்பட வேண்டும். ஆழப் புதைத்தால் இலை வரும், பூ வராது. மழை லில்லியை இரண்டு விரற்கடை ஆழத்தில் நடலாம்.

இலை இருக்கும் காலமே உணவிடும் காலம். மட்கிய உரத்தோடு வேப்பம்புண்ணாக்கும் எலும்புத்தூளும் ஒவ்வொரு பிடி கலந்து, கிழங்கிலிருந்து ஒரு சாண் தள்ளி இடுங்கள். வேரில் முடிச்சிடும் நூற்புழுவை வேப்பம்புண்ணாக்கு ஓரளவு தடுக்கும். யூரியாவை அள்ளிப் போட்டால் இலை தழைக்கும், பூ குறையும்.

மழைக்காலத்தில், கறுத்த உடலில் சிவப்பும் வெள்ளையுமான புள்ளிகள் கொண்ட புழுக்கள் லில்லி இலைகளைக் கூட்டமாக மேயும். ஒரே இரவில் இலை முழுவதும் போய்விடும். விடியற்காலையில் கையால் பொறுக்கிச் சோப்பு நீரில் போடுவதே நல்ல வழி. மீந்தவற்றுக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்கு நகர்த்துங்கள். இலை மஞ்சளிக்கத் தொடங்கியதும் நீரைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுங்கள். தோண்டி எடுப்பதாயின் நிழலில் உலர்த்தி, காகிதப் பையிலோ மூங்கில் கூடையில் உலர்ந்த மணலிலோ வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். தோண்டாமல் விடுவதாயின் அவ்விடத்தில் ஓர் அடையாளம் வையுங்கள். கல்லோ, குச்சியோ, எதுவாயினும் சரி. இதன் அருமையை நம்மைவிட அறிந்தவர் எவருமில்லை.

விதைத்து வளர்ப்பவை

கிழங்குகளோடு விதைப் பூக்களையும் சேர்த்து வளர்த்தால் முற்றம் வெறிச்சிடாது. ஜினியா, வாடாமல்லி, கோழிக்கொண்டை, சூரியகாந்தி ஆகிய நான்கும் வெயில் தாங்கும். மாசியில் விதைத்தால் சித்திரையில் பூக்கும். நாற்று நான்கைந்து இலை விட்டதும் பிடுங்கி நட்டு, ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளைகள் வெடித்துப் பூ பெருகும். சூரியகாந்திக்கு மட்டும் நுனி கிள்ள வேண்டாம். டேபிள் ரோஸுக்கு விதையும் வேண்டியதில்லை. விரல் நீளத் துண்டை ஒடித்து ஊன்றினால் போதும். வாடாமல்லி உலர்ந்தாலும் நிறம் மாறாது. கோடையில் பறித்து நிழலில் உலர்த்தினால் நவம்பர் மாதக் கல்லறைத் திருநாளுக்கும் உதவும்.

நீரை அதிகாலையிலோ வெயில் தாழ்ந்த பின்னரோ வேரடியில் வாருங்கள். வைக்கோல், சருகு, தேங்காய் நார் ஆகியவற்றை இரு விரற்கடை கனத்துக்கு மூடாக்காகப் பரப்பினால், தண்ணீர்த் தட்டுப்பாட்டிலும் ஈரம் நிற்கும். கிழங்கின் கழுத்தை மட்டும் மூடாமல் விடுங்கள். பாத்திரம் அலசிய நீரும், அரிசி களைந்த நீரும் முற்றத்துக்குப் போதுமான வீடுகளை நாம் கண்டிருக்கிறோம்.

நான்கு கிழங்குகளின் கதை

இனி அந்த நான்கு கிழங்குகள். சரளையை அகற்றி, அதே வேப்பமர நிழலில், கழுத்து வெளியே தெரிய அவற்றை நட்டோம். ஜூனில் இலை விட்டன. மார்கழியில் உறங்கின. இம்முறை கெபியோரத்தில் சிறு பலகை ஒன்றை நாட்டி, "இங்கே கிழங்குகள் உறங்குகின்றன, கொத்தாதீர்" என்று எழுதி வைத்தோம். கோயில்பிள்ளை சிரித்தார்.

மறு மே மாதம் வந்தது. மழையும் பெய்தது. பூ வரவில்லை. நான்கும் இலையை மட்டுமே விட்டன. அந்த மூதாட்டி வந்து பார்த்தபோது, நமக்கு அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்கத் துணிவில்லை.

"எல வந்திருக்கே சாமி. அது போதும். பூவ அது பாத்துக்கும்" என்றார்.

இதை அவர் நம்மைத் தேற்றுவதற்காகச் சொன்னார் என்றே அன்று நினைத்தோம். அது தேறுதல் மொழியன்று, தோட்டக்கலை என்பது பின்னர் விளங்கியது. நாம் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த மே மாதம், முதல் மழைக்குப் பின், நான்கில் ஒன்று தண்டு விட்டது. விரிந்த நாளில் அதை நறுக்கி மாதா பீடத்தில் வைக்கலாமா என்று அவரிடமே கேட்டோம். "வேணாம் சாமி. இங்கேயே இருக்கட்டும். மாதா இங்கேயும்தான் இருக்காங்க" என்றார். பூ ஒரு வாரத்துக்கு மேல் நின்றது. ஒவ்வொரு நாளும் காலைத் திருப்பலிக்குப் பின் அவர் சொம்பு நீரோடு வந்தார்.

சென்ற தை மாதம், தம் பேத்திக்குத் திருமணம் நிச்சயமாகியிருப்பதாகச் சொல்லி, ஒரு குட்டிக் கிழங்கு கேட்டார். உறங்கும் காலமாகையால் தோண்டுவதற்கு உகந்த நேரம். மண்வெட்டியைத் தொடாமல், கையாலேயே மண்ணை விலக்கி, தாயோடு ஒட்டியிருந்த குட்டி ஒன்றைப் பிரித்துக் கொடுத்தோம். காகிதத்தில் சுற்றித் தருகிறோம் என்றோம். அவர் கேட்கவில்லை, முந்தானையில் முடிந்துகொண்டார்.

அன்பார்ந்தோரே, குடும்பங்களிலும் இலை மட்டும் விடும் ஆண்டுகள் உண்டு. இலையும் உதிர்ந்து, வெற்று மண்ணாகத் தோன்றும் மாதங்களும் உண்டு. தேர்வில் தவறி மூலையில் முடங்கிய பிள்ளை, துயரத்தில் பேச்சடங்கிய மருமகள், திண்ணையில் ஓய்ந்து கிடக்கும் முதியவர் ஆகியோரைப் பார்த்து, 'இங்கே ஒன்றுமில்லை' என்று தீர்ப்பிட நாம் விரைகிறோம். நமக்குக் கிடைத்த பாடத்தை உங்களுக்கும் சொல்லி முடிக்கிறோம்: எந்த மண்ணையும் கொத்துமுன், அங்கே என்ன இருந்தது என்று, அதை அறிந்த ஒருவரைக் கேளுங்கள்.

இம்மாதம் மழை லில்லிக் கிழங்குகள் சில நம் பங்கு இல்லத்தில் மிகுதியாக உள்ளன. ஞாயிறு திருப்பலிக்குப் பின் பிள்ளைகளை அனுப்புங்கள்; ஆளுக்கு இரண்டாகத் தருகிறோம். அடுத்த மாதம் மல்லிகையைப் பற்றி எழுதுவோம்.